ஓர்க்குக்கு எத்தனை மார்க்?

போன இதழில் "ஓர்க் மந்திரவாதி ஆக முடியுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "ஆகலாம், ரேங்க் வாங்க மாட்டான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விட்டார்களா? ஆசிரியர் ஒரு பை நிறையக் கடிதங்களை மேசையில் கொட்டி, "நீங்கள் கிளப்பியது, நீங்களே அடக்குங்கள்" என்றார். எழுதியவர்களில் பாதிப் பேர் விளையாட்டில் தாங்கள் ஏற்ற வேஷத்தின் பெயரிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்படியே விட்டுவிட்டேன்.

கவலையில் ஓர் அம்மா, நங்கநல்லூர்
*என் மகன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாலு பேரோடு உட்கார்ந்து பகடை உருட்டுகிறான். "ட்வார்ஃபுக்கு பிளஸ் டூ!" என்று கத்துகிறான். அவனே இந்த வருஷம் பிளஸ் டூ. இது என்ன விளையாட்டு?*

பயப்படாதீர்கள். இதில் சகுனியும் இல்லை, பந்தயப் பணமும் இல்லை. இதன் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். ஒருவர் கதை சொல்வார், அவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரத்துக்கு ஆறு எண்கள் உண்டு: வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். கதவை உடைப்பதா, காவலாளியிடம் பொய் சொல்வதா, எதுவானாலும் இருபது முகப் பகடையை உருட்டி, அந்த எண்ணுக்கு ஏற்ற கூட்டலைச் சேர்த்துப் பார்ப்பார்கள். 2014 பதிப்பில், பாத்திரம் எந்த இனத்தில் பிறந்தது என்பதை வைத்தும் எண் ஏறும். தாடி வைத்த ட்வார்ஃபுக்கு உடலுறுதி +2. காது நீண்ட எல்ஃபுக்குச் சுறுசுறுப்பு +2. உங்கள் பிள்ளை கத்தியது அந்த பிளஸ் டூவுக்காக. மற்ற பிளஸ் டூவைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன்.

பசியோடு ஒரு பார்டு, பாளையங்கோட்டை
*நிலையான போனஸ், நெகிழ்வான போனஸ், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாக.*

முதலாவது கல்யாணப் பந்தி. இலையில் என்ன விழுகிறதோ அதைச் சாப்பிட வேண்டும். அசுர இனமான ஓர்க் என்றால் வலிமை, எல்ஃப் என்றால் சுறுசுறுப்பு, மறுபேச்சு கிடையாது. இரண்டாவது பஃபே. +2-ஐயும் +1-ஐயும் தட்டில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பஃபேயில் ஒரே ஒரு சங்கடம்: எல்லோர் தட்டையும் எட்டிப் பாருங்கள், அதே பன்னீர் பட்டர் மசாலா.

தாத்தா காலத்து எல்ஃப், தஞ்சாவூர்
*ஆரம்பத்திலிருந்தே இந்த இன போனஸ் இருந்ததா?*

இல்லை. 1974 பதிப்பில் இனத்துக்கென்று கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. அதைவிடக் கொடுமையான ஒன்று இருந்தது: உச்சவரம்பு. ட்வார்ஃப் போர்வீரன் ஆறாவது நிலையோடு நிற்க வேண்டும். ஹாபிட் நாலாவது நிலையோடு. எல்ஃப் மந்திரத்தில் எட்டு, வாளில் நாலு. மனிதனுக்கு மட்டும் வரம்பு இல்லை. எவ்வளவு உழைத்தாலும் ஒரு குறிப்பிட்ட நாற்காலிக்கு மேல் பதவி உயர்வு கிடையாது என்ற அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். (ஹாபிட் என்ற பெயருக்கு டோல்கீன் தரப்பு உரிமைக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் அது 'ஹாஃப்லிங்' ஆனது. ஆளும் உயரமும் அதேதான்.)

1978-இல் வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில்தான் பட்டியல் பிறந்தது. ட்வார்ஃப்: உடலுறுதி +1, வசீகரம் −1. எல்ஃப்: சுறுசுறுப்பு +1, உடலுறுதி −1. ஹாஃப்லிங்: சுறுசுறுப்பு +1, வலிமை −1. அரை ஓர்க்: வலிமை +1, உடலுறுதி +1, வசீகரம் −2. எண்கள் சின்னவை. நிலை உச்சவரம்பும் கூடவே தொடர்ந்தது. இதற்கு நடுவில் 1981-இன் எளிய பதிப்பு இன்னும் ஒருபடி மேலே போய், 'எல்ஃப்' என்பதையே ஒரு தொழிலாக்கிவிட்டது. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், எல்ஃபாக இருக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டும்.

2000-இல் மூன்றாம் பதிப்பு வந்து உச்சவரம்பைத் தூக்கியது. எந்த இனமும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்றது. கூடவே கூட்டல் கழித்தலை இரட்டிப்பாக்கியது. அரை ஓர்க்குக்கு வலிமை +2, அறிவு −2, வசீகரம் −2. கதவைத் திறந்துவிட்டு வாசற்படியை உயர்த்திய கதை.

வாளேந்திய வாசகி, வேலூர்
*இன பேதம் இருந்தது சரி. ஆண் பெண் பேதம்?*

இருந்தது. 1978 கையேட்டில் வலிமை 18-ஐத் தொட்ட போர்வீரர் மேற்கொண்டு ஒரு சதவீதப் பகடை உருட்டுவார். மனித இனத்து ஆணுக்கு உச்சம் 100. பெண்ணுக்கு 50. ஹாஃப்லிங் பெண்ணுக்கு 14-ஐத் தாண்டவே அனுமதியில்லை. பல்லி பறக்கலாம், நெருப்புக் கக்கலாம், குகைக்குள் தங்கத்தின் மேல் படுத்துத் தூங்கலாம். பெண்ணின் கைபலம் என்றதும்தான் யதார்த்தம் ஞாபகம் வந்திருக்கிறது. 1989-இல் இரண்டாம் பதிப்பு அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. அதனால் விளையாட்டு செத்துப்போனதாக யாரும் சொல்லவில்லை.

கணக்கு வாத்தியார், கரூர்
*அந்த +2-ஆல் உண்மையில் எவ்வளவு லாபம்? உணர்ச்சி வேண்டாம், கணக்கு வேண்டும்.*

எனக்குப் பிடித்த கேள்வி. 2014-இன் ஐந்தாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். புள்ளி கொடுத்து எண் வாங்கும் முறையில் கையில் 27 புள்ளி, ஒரு திறனுக்கு அதிகபட்சம் 15. பகடையில் சேருவது அந்த 15 அல்ல, அதிலிருந்து பிறக்கும் கூட்டல். 10, 11 என்றால் பூஜ்யம். 12, 13 என்றால் +1. 14, 15 என்றால் +2. 16, 17 என்றால் +3. அதாவது இரட்டைப்படை எண்ணில்தான் மணி அடிக்கும்.

இன போனஸ் பொருந்தி வந்தவர் 17-இல் தொடங்குவார், கூட்டல் +3. பொருந்தாதவர் 15, கூட்டல் +2. இரண்டு பேருக்கும் பயிற்சிக் கூட்டல் இன்னொரு +2. எதிரியின் கவச எண் 15 என்று வையுங்கள். முதலாமவர் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் போட வேண்டும், இருபதில் பதினொரு வாய்ப்பு, 55 சதவீதம். இரண்டாமவர் 11, இருபதில் பத்து, 50 சதவீதம். ஆக வித்தியாசம் இருபது உருட்டலுக்கு ஒன்று. அடி விழுந்தால் சேதத்திலும் ஒரு புள்ளி கூட. அவ்வளவுதான்.

எங்கள் மேசையில் ஒரு மாலை முழுக்க ஒருவர் இருபது தடவை உருட்டினாலே பெரிய விஷயம். மீதி நேரம் பஜ்ஜிக்குப் போய்விடும்.

சந்தேகத்தோடு ஒரு சூனியக்காரி, சேலம்
*வெறும் 5 சதவீதத்துக்கா இத்தனை ரகளை?*

கவுன்சிலிங்கில் 0.25 கட்-ஆஃபுக்காக வீடே துக்கம் அனுசரித்ததைப் பார்த்தவர்கள் நாம். நாமா இதைக் கேட்பது?

நடுநிலை நல்லவன், நாகர்கோவில்
*2020-இல் என்னதான் நடந்தது? அதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டுவிட்டது என்கிறார்கள் எங்கள் குழுவின் மூத்தவர்கள்.*

மூத்தவர்கள் 1981-இலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

நடந்தது இது. 2008-இன் நான்காம் பதிப்பிலேயே கழித்தல் போய்விட்டது. பெரும்பாலான இனங்களுக்கு இரண்டு கூட்டல் மட்டும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் மூலக் கையேட்டிலும் கழித்தல் இல்லை. ஆனால் 2016-இல் வந்த துணை நூல் ஒன்றில், அசுர வகைகளை ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டபோது, ஓர்க்குக்கு அறிவு −2, கோபால்டுக்கு வலிமை −2 என்று பழைய பாட்டு திரும்ப வந்தது. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். அமெரிக்கா முழுவதும் தெருவில் நின்ற அந்தக் கோடையில், ஜூன் மாதம், பதிப்பாளரான விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஓர்க், டிரவ் போன்ற இனங்களை இதுவரை சித்திரித்த விதம் சரியில்லை, மாற்றுகிறோம் என்று அறிக்கை விட்டது. அந்த இரண்டு கழித்தலும் நீக்கப்பட்டன. நவம்பரில் 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' வந்தது. இன போனஸை விரும்பிய திறனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விருப்ப விதியைத் தந்தது. 2022-இல் வந்த இன்னொரு நூலில் விருப்பம் போய் வழக்கமாகிவிட்டது. 2024 கையேட்டில் 'ரேஸ்' என்ற சொல்லே இல்லை, 'ஸ்பீஷீஸ்' வந்துவிட்டது. போனஸும் அதோடு இல்லை, வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டது. அந்தப் புது வீட்டைப் பற்றிப் பிறகு ஒரு வாசகர் கேட்கிறார், பொறுங்கள்.

ஓர்க்கின் நண்பன், ஒரத்தநாடு
*ஓர்க் என்று ஒரு ஜாதியே உலகத்தில் கிடையாது. இல்லாதவனுக்கு அறிவு குறைவு என்றால் யார் மனம் புண்படும்? கொஞ்சம் ஓவராக இல்லை?*

நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது நம்ம ஊர் விவகாரம் ஒன்று.

1857 கலகத்துக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்கள் இந்திய ராணுவத்துக்கு ஆள் எடுக்க ஒரு தத்துவம் வைத்திருந்தார்கள்: 'போர் இனங்கள்'. சில இனங்கள் பிறவியிலேயே வீரர்கள், சில இனங்கள் பிறவியிலேயே ஆகாதவர்கள். சீக்கியர், கூர்க்கா, பட்டாணியர் முதல் வரிசை. ஆள் சேர்க்கும் அதிகாரிகளுக்காகக் கையேடுகளே போட்டார்கள், ஒவ்வொரு சமூகத்துக்கும் என்ன குணம், என்ன குறை என்று. முதன்முதலாக அதைப் பற்றிப் படித்தபோது, 1978 ஆட்டக்காரர் கையேட்டின் இனப் பட்டியல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இன்னும் கவனியுங்கள்: இந்தப் போர் இனத்தவரைப் புகழ்ந்த அதே வாய், இவர்கள் தைரியசாலிகள், ஆனால் யோசிக்கும் வேலைக்கு ஆகமாட்டார்கள், தலைமைக்கு வெள்ளைக்கார அதிகாரி வேண்டும் என்றும் சொன்னது. வலிமை +2, அறிவு −2. பகடை மட்டும்தான் பாக்கி.

இந்தப் பட்டியலில் சென்னை ராணுவத்துக்கு எந்த இடம்? கழித்தல் பக்கம். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ஃபிரடெரிக் ராபர்ட்ஸ், தெற்கத்திச் சிப்பாய்க்குப் போர்க்குணம் மங்கிவிட்டது என்று முடிவு கட்டினார். பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைவரானார், கை ஓங்கியது. மதராஸ் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இத்தனைக்கும் 1803-இல் அசாயே போரில் ஜெயித்ததற்காக யானைச் சின்னம் வாங்கியவர்கள் அவர்கள். எண்பது வருஷத்தில் ரத்தமா மாறிவிட்டது? கையேடுதான் மாறியது. இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் அதே மதராஸ் ரெஜிமெண்டைத் திரும்ப எழுப்பினார்கள். "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று இன்றைக்கும் முழங்குகிறார்கள்.

ஓர்க்குக்கும் இந்தத் தத்துவத்துக்கும் உள்ள உறவை ஜேம்ஸ் மெண்டெஸ் ஹோட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2019-இல் விரிவாக எழுதியிருக்கிறார். ஆக, ஓர்க் உலகத்தில் இல்லை, உண்மைதான். ஓர்க்கை விவரிக்கும் மொழி இருந்தது. நம் தாத்தாக்களின் மேல் அதை அளந்தும் பார்த்தார்கள்.

கொதிக்கும் பார்பேரியன், கோவில்பட்டி
*அப்படியானால் நிலையான போனஸ் வைத்து விளையாடும் நானும் என் நண்பர்களும் இனவெறியர்களா?*

உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். இல்லை. ஓர்க் பலசாலி என்று சொல்வதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. யானை எலியைவிடப் பெரிது என்பதும் இனவெறி இல்லை. புத்தி குறைவு, அழகு குறைவு, அடங்காத கோபம் பிறப்பிலேயே என்று எழுதும்போதுதான் எனக்கு அந்த ஆள்சேர்ப்புக் கையேட்டின் வாடை அடிக்கிறது. உடம்பை அளப்பது வேறு, ஆளை அளப்பது வேறு.

மூன்றடி மல்லன், மூணாறு
*மூன்றடி ஹாஃப்லிங்கும் ஆறரை அடி ஓர்க்கும் ஒரே பலம் என்றால் யதார்த்தம் என்ன ஆவது?*

யதார்த்தம் இந்த விளையாட்டை விட்டு ஓடி ரொம்ப நாளாகிறது. 2014 விதிப்படி ஒருவர் சுமக்கக்கூடிய எடை, வலிமையைப் பதினைந்தால் பெருக்கினால் வரும் பவுண்டு. குள்ளமான இனம் என்பதற்காகக் குறைப்பு கிடையாது. ஹாஃப்லிங்கின் எடை சுமார் 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. அவன் நிலை ஏறி ஏறி வலிமை 20-ஐத் தொட்டுவிட்டால் 300 பவுண்டு சுமப்பான், 136 கிலோ. தன் எடையைப் போல ஏழரை மடங்கு. அதே பதிப்பில் யானையின் வலிமை 22. யானைக்கும் இந்தப் பொடியனுக்கும் இரண்டே மார்க் வித்தியாசம். இதெல்லாம் நிலையான போனஸ் காலத்திலேயே நடந்த கூத்து. +2-ஐ இடம் மாற்றியதால் வந்ததில்லை.

யதார்த்தம் வேண்டுமென்றால் எடையில் வையுங்கள், கை எட்டும் தூரத்தில் வையுங்கள். பெரிய கனமான ஆயுதத்தைச் சின்ன ஆள் தூக்கினால் தடுமாறுவான் என்று 2014 விதியிலேயே இருந்தது. அது எனக்குப் பிடிக்கும். படம் போலக் கண்ணுக்குத் தெரிகிறது.

கட்டைவிரல் திருடன், கும்பகோணம்
*2020 நெகிழ்வு விதியால் அதிக லாபம் யாருக்கு?*

மலை ட்வார்ஃபுக்கு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு +2, +1 என்றிருக்க, இவருக்கு மட்டும் +2, +2. முன்பு வலிமையிலும் உடலுறுதியிலும் மாட்டியிருந்ததால் யாரும் பொறாமைப்படவில்லை. பூட்டு கழன்றதும் ஒன்றை அறிவில் வைத்து, ஒன்றை உடலுறுதியிலேயே விட்டு, இனத்தோடு வரும் கவசப் பயிற்சியையும் போட்டுக்கொண்டு, உலகத்தின் மிகச் சிறந்த மந்திரவாதியாகக் கிளம்பிவிட்டார். 1978-இல் ட்வார்ஃப் மந்திரவாதி ஆகவே தடை. நாற்பத்திரண்டு வருஷத்தில் என்ன ஒரு வளர்ச்சி! சமத்துவத்துக்காகப் போட்ட விதியை முதலில் கண்டுபிடித்துப் பயன்படுத்தியது கணக்குப்பிள்ளைகள்தான். எந்தச் சலுகையும் அப்படித்தானே.

வெறும் மனிதன், விழுப்புரம்
*எல்லா இனத்துக்கும் நெகிழ்வு வந்தபிறகு மனிதனுக்கு என்ன மிச்சம்?*

உங்கள் வருத்தம் நியாயமானது. மனிதனின் தனிப்பெருமையே "எங்கே வேண்டுமானாலும் பொருந்துவான்" என்பதுதான். இப்போது எல்லோரும் பொருந்துகிறார்கள். தெருவில் ஒரே ஒரு வீட்டில் டி.வி. இருந்த காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

அடையாளம் தொலைத்த எல்ஃப், ஆம்பூர்
*எண்ணை எடுத்துவிட்டால் இனத்துக்கு என்ன சுவை? எல்ஃப் என்பது காது நீண்ட மனிதன், ட்வார்ஃப் என்பது தாடி வைத்த மனிதன். மாறுவேடப் போட்டியா நடத்துகிறோம்?*

இந்தப் பையில் வந்த கேள்விகளிலேயே கனமானது இது. நெகிழ்வை ஆதரிக்கிறவர்கள் பெரும்பாலும் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நான் போட்டுக்கொள்கிறேன், ஆனால் உங்களோடு முழுதும் சேரமாட்டேன்.

மூன்று வருஷம் எங்கள் குழுவில் ஒருவர் ஹாஃப்லிங். அவருக்குச் சுறுசுறுப்பு +2 இருந்தது என்பது எனக்கு ஞாபகமே இல்லை. இருபது முகப் பகடையில் 1 விழும்போதெல்லாம் "நான் ஹாஃப்லிங்" என்று சொல்லி மறுபடி உருட்டுவார், அது இன்னும் கண்ணில் நிற்கிறது. 1 விழுந்தால் திரும்ப உருட்டலாம் என்பது அந்த இனத்தின் அதிர்ஷ்டம். அரை ஓர்க் உயிர் போகிற அடி வாங்கியும் ஒருமுறை ஒற்றை உயிர்ப்புள்ளியோடு எழுந்து நிற்பான், மேசையே கைதட்டும். எல்ஃப் தூங்கமாட்டார், நாலு மணி நேரம் தியானம் செய்வார். அதனால் இரவுக் காவல் எப்போதும் அவர் தலையில், அதனால் இரவில் வருகிற திருடனோடு பேசுவதும் அவர்தான். இதெல்லாம் கதையாகிறது. +2 எப்போதாவது கதையாகியிருக்கிறதா? பாத்திரத் தாளில் முதல் நாள் எழுதியதோடு அது 17-க்குள் கரைந்துவிடுகிறது. அந்த 17-இல் எவ்வளவு இனம், எவ்வளவு உழைப்பு என்று பிறகு எழுதியவருக்கே தெரியாது.

ஆகவே உங்கள் எல்ஃபுக்குச் சுவை வேண்டும் என்பது சரி. அந்தச் சுவை +2-இல் இருந்தது என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எல்ஃபால் முடிகிற, மனிதனால் முடியாத நாலு காரியம் கொடுங்கள் என்று பதிப்பாளரிடம் சண்டை போடுங்கள். நான் கொடி பிடிக்கிறேன்.

எதிர்நீச்சல் ஓர்க், ஈரோடு
*நிலையான போனஸ் இருந்தால்தானே ஓர்க் மந்திரவாதி என்பதற்கு மதிப்பு? எதிர்ப்பே இல்லாத இடத்தில் எதிர்நீச்சல் எது?*

அழகான வாதம். 2014-க்கு ஓரளவு பொருந்தும்; ஒரு புள்ளி பின்தங்கி ஓடுவதில் ஒரு வீம்பு இருக்கிறது. 2000-இன் பதிப்பில் அறிவு −2 போட்டு மந்திரவாதி ஆனவருக்கோ நண்பர்கள் முதல் வாரம் கைதட்டினார்கள், நாலாவது வாரம் "கொஞ்சம் ஓரமா நில்லுப்பா" என்றார்கள். எதிர்நீச்சலில் முழுகாமல் இருக்கிற அளவுக்காவது தெம்பு வேண்டாமா? அதோடு, ஊர் அவனை ஏளனமாகப் பார்ப்பதும், மந்திரப் பள்ளி வாசலில் நிறுத்தி வைப்பதும் டி.எம். கதையில் வைக்க வேண்டிய எதிர்ப்பு. அதை ஏன் பகடையில் ஒளித்து வைக்கிறீர்கள்?

விவசாயி மகன், விருத்தாசலம்
*2024 பதிப்பில் போனஸ் இனத்திலிருந்து 'பின்னணி'க்குப் போய்விட்டதாமே. பிரச்சினை தீர்ந்ததா?*

உங்கள் கையெழுத்திலேயே பதில் இருக்கிறது.

புதிய கையேட்டில் பதினாறு பின்னணிகள். சாகசத்துக்கு வருவதற்கு முன்னால் நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்பது பின்னணி. ஒவ்வொன்றுக்கும் மூன்று திறன்கள். அவற்றுக்குள் +2, +1 என்றோ, ஆளுக்கு +1 என்றோ பிரித்துக்கொள்ளலாம். அறிஞர் என்றால் உடலுறுதி, அறிவு, விவேகம். பிரபு என்றால் வலிமை, அறிவு, வசீகரம். விவசாயி? வலிமை, உடலுறுதி, விவேகம். அறிவு இல்லை.

ஆக, ஏர் ஓட்டிய பிள்ளை மந்திரம் கற்க வரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் பிரபு வீட்டுப் பிள்ளை ஒரு படி முன்னால் நிற்பார். இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. ஓர்க்கின் நெற்றியிலிருந்து லேபிளைப் பிய்த்து எடுத்து, துடைத்து, விவசாயியின் நெற்றியில் ஒட்டியிருக்கிறார்கள். பிறப்பை வைத்து அளக்காதே என்று அமெரிக்காவில் கேட்ட குரலுக்கு, சரி, பார்த்த வேலையை வைத்து அளக்கிறோம் என்று பதில். நம்ம ஊரில் இந்த இரண்டும் எவ்வளவு காலம் ஒன்றாகவே இருந்தன என்பதை அந்த வடிவமைப்பாளர்களுக்கு யாராவது ஒரு கடிதத்தில் எழுதிப்போடலாம்.

டி.எம்.முக்கான வழிகாட்டி நூலில், சொந்தமாகப் பின்னணி உருவாக்க வழி சொல்லியிருக்கிறார்கள். உங்கள் டி.எம்.மிடம் அதைக் காட்டி 'படித்த விவசாயி' என்று ஒன்று எழுதி வாங்குங்கள். அவர் மறுத்தால் என் பெயரைச் சொல்லுங்கள். பயன் இருக்காது, ஆனாலும் சொல்லுங்கள்.

கட்சி மாறி, காரைக்குடி
*'பாத்ஃபைண்டர்' என்ற போட்டி விளையாட்டு என்ன செய்கிறது?*

பாதி பந்தி, பாதி பஃபே. 2019-இன் இரண்டாம் பதிப்பிலேயே 'ரேஸ்' என்பதை விட்டுவிட்டு 'ஆன்செஸ்ட்ரி', அதாவது வம்சாவளி என்று மாற்றிவிட்டார்கள். பெரும்பாலான வம்சத்துக்கு இரண்டு நிலையான ஏற்றம், ஒன்று இஷ்டப்படி, ஒரு குறை. மனிதனுக்கு இரண்டு ஏற்றம், இரண்டும் இஷ்டப்படி. வம்சத்தோடு முடியாமல் பின்னணி, தொழில் என்று வரிசையாக ஏற்றங்கள் வருவதால் ஒரு குறையைச் சுலபமாக ஈடுகட்டலாம். 2022-இல், எந்த வம்சமானாலும் இரண்டு இஷ்ட ஏற்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று திருத்தமும் வந்தது. 2023-இன் மறுபதிப்பில் 18 என்று எழுதி +4 என்று படிக்கும் பழக்கத்தையே ஒழித்துவிட்டு +4 என்றே எழுதச் சொல்லிவிட்டார்கள். இதற்காகவே அவர்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

ஜாய்ஸ்டிக் சாமியார், ஜோலார்பேட்டை
*கம்ப்யூட்டர் விளையாட்டுகளில்?*

2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' +2, +1-ஐ எங்கே வேண்டுமானாலும் வைக்க விட்டது. 2011-இன் 'ஸ்கைரிம்' வேறு வழி: இனத்துக்கேற்ப ஒரு திறமையில் பத்து, சிலவற்றில் ஐந்து முன்பணம். அதன்பிறகு நீங்கள் எதைச் செய்கிறீர்களோ அது வளரும். பத்து மணி நேரம் ஆடினால் முன்பணம் எங்கே போனதென்றே தெரியாது. நிலையான போனஸ்காரர்களும் சண்டை போடாத ஒரே இடம்.

பாதி ஆள், பரமக்குடி
*அரை எல்ஃபையும் அரை ஓர்க்கையும் 2024 கையேட்டில் காணவில்லையே?*

பழைய நூலிலிருந்து எடுத்து விளையாடலாம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். 'அரை' என்ற ஒட்டு அவமதிப்பு என்பது வாதம். ஒட்டு பிடிக்கவில்லை என்றால் ஒட்டைப் பிய்க்கலாம்; கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளையையே குடும்ப அட்டையிலிருந்து எடுத்துவிடுவது என்ன மரியாதை? இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

பத்துத் தலை, பழநி
*நம் புராணத்து அரக்கருக்கு இந்த விதியில் அறிவு எவ்வளவு போடுவீர்கள்?*

அரக்கர் என்றாலே அறிவு −2 என்று அச்சடித்துவிட்டால் அப்புறம் வீணையை யார் வாசிப்பது?

தராசு பிடித்த தேவதூதன், திண்டுக்கல்
*சரி, எல்லாவற்றையும் குறை சொல்லிவிட்டீர்கள். உங்கள் மேசையில் என்ன விதி?*

போனஸே கிடையாது. யோசித்துப் பாருங்கள்: எல்லோரும் +2-ஐயும் +1-ஐயும் விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது வகுப்பு முழுவதற்கும் பத்து மார்க் கிரேஸ் போடுகிற மாதிரி. அதற்கு எதற்குத் தனிச் சடங்கு? வழக்கமான 15, 14, 13, 12, 10, 8 வரிசையை 17, 15, 13, 12, 10, 8 என்று மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். இனம் தேர்ந்தெடுத்தால் அந்த இனத்தின் வித்தைகள் மட்டும் வரும். பாத்திரம் உருவாக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது.

நஷ்டம் இல்லாமல் இல்லை. முதல் தடவை இந்த விதியில் ஆடியபோது ஐந்து பேரில் நாலு பேர் ட்வார்ஃப். எண் ஆசை இல்லாவிட்டால் ஆளுக்கொரு இனம் எடுப்பார்கள் என்று நான் போட்ட கணக்கு பொய்த்தது. ட்வார்ஃபுக்கு விஷம் எளிதில் ஏறாது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாலு தாடி, ஒரு எல்ஃப். அந்த எல்ஃப்தான் ஆறு மாதம் இரவுக் காவல் பார்த்தார், பாவம்.

அடங்கிப் போன பாலடின், பொள்ளாச்சி
*எங்கள் டி.எம். நிலையான போனஸ்தான் என்று பிடிவாதம் பிடிக்கிறார். என்ன செய்வது?*

யார் வீட்டில் விளையாடுகிறீர்கள்? அவர் வீடு என்றால் அடங்குங்கள். உங்கள் வீடு என்றால் மின்விசிறி ஸ்விட்ச் உங்கள் கையில் இருக்கிறது.

ஆர்வக்கோளாறு, அரக்கோணம்
*உங்கள் சொந்தப் பாத்திரம் என்ன?*

ஓர்க் நூலகர். அறிவு 17. போன வாரம் இருட்டில் ஒரு சுவடியைப் படிக்க விரல்நுனியில் சின்னதாக நெருப்பு வரவழைத்தார். பகடையில் 1 விழுந்தது. இப்போது அவர் நூலகர் இல்லை, வெறும் ஓர்க்.